ஆட்டமும் மத்தளமும் தையலும் மோட்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் நாங்கள் ஒரு சிறு குழு. நான் நடனம் சொல்லிக்கொடுப்பவள். எங்களோடு கூத்துப் பழக்கி மத்தளம் வாசிக்கும் ஓர் அண்ணாவியார் இருக்கிறார், உடுப்புத் தைக்கும் ஓர் அக்கா இருக்கிறார். கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி வருவார். பகலில் முச்சக்கரவண்டிகளுக்கு வயரிங் செய்பவர், பின்னேரம் எங்களுக்கு மோட்டர் வேலை பார்ப்பார். எங்கள் ஆட்டத்தில் இரண்டு பெண்களும் ஒரு புள்ளிமானும் வருகிறார்கள். பிரம்பு, துணி, மோட்டர் மூன்றும் சேர்ந்ததுதான் அந்த மான். கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் மான்கள் ஆள் பயமில்லாமல் திரிகிற ஊர் இது. அதனால் வேறு மிருகம் தேடவில்லை.

ஒத்திகை பார்க்க வருகிறவர்கள், இதே மாதிரிச் செய்ய ஆசைப்படுகிறவர்கள், பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றைக் கொப்பியில் எழுதிவைத்தேன். அவர்கள் கேட்டபடியே கீழே தருகிறேன்.

ரீச்சர், அனிமட்ரோனிக்ஸ் எண்டா என்ன? ரோபோவும் அதுவும் ஒண்டா?

உயிருள்ளது போலத் தோன்றும்படி பொறியால் அசைக்கப்படும் உருவத்தைத்தான் அனிமட்ரோனிக்ஸ் என்கிறார்கள். 1963இல் அமெரிக்காவின் டிஸ்னிலாந்தில் பாடும் பறவைகளை இப்படி ஆட்டிவைத்தார்கள். அடுத்த வருடம் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் ஆபிரகாம் லிங்கனின் உருவம் கதிரையை விட்டு எழுந்து பேசியது. இந்தச் சொல் பரவியது அந்தக் காலத்தில்தான்.

ரோபோ ஒரு வேலையைச் செய்து முடிக்கவேண்டும்: பெட்டி தூக்க வேண்டும், இரும்பு ஒட்ட வேண்டும். எங்கள் மானுக்கு அப்படி ஒரு வேலையும் இல்லை. பார்க்கிறவருக்கு அது மானாகத் தெரிந்தால் போதும். உள்ளே இருக்கும் மோட்டரும் வயரும் இரண்டுக்கும் பொதுவானவை, நோக்கம் வேறு. பொம்மலாட்டத்தோடு ஒப்பிட்டால், அங்கே நூலைக் கை இழுக்கிறது, இங்கே மோட்டர் இழுக்கிறது. பல குழுக்கள் கையையும் மோட்டரையும் கலந்தே பாவிக்கின்றன. நாங்களும் அப்படித்தான்.

இது வெளிநாட்டுக்காரரின் விளையாட்டு. எங்கட கலையில இதுக்கு எங்க இடம்?

இந்தக் கேள்விக்கு நான் ஒருபோதும் சலித்துக்கொள்வதில்லை. கந்தசஷ்டியின் ஆறாம் நாள் எங்கள் முருகன் கோயில்களில் நடக்கும் சூரன்போரை ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள். மரத்தில் செய்த ஆளுயரச் சூரன். அவனைத் தோளில் தூக்கியிருக்கும் இளைஞர்கள் தோளை ஏற்றி இறக்க, அவன் முன்னே பாய்கிறான், பின்வாங்குகிறான், திரும்பி ஓடுகிறான். மேளம் வேகம் பிடிக்கும்போது அவனும் வேகம் பிடிக்கிறான். யானைமுகம் கழன்று சிங்கமுகம் வருகிறது, அது கழன்று சூரனின் சொந்த முகம் வருகிறது. பிறகு மாமரம், கடைசியில் சேவலும் மயிலும். தலை மாறும் அந்த ஒரு நிமிடத்தில் வீதி முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். தச்சர், மேளகாரர், உடுப்புச் சோடிப்பவர், தூக்கி ஆடுபவர் என்று நாலு தொழிலும் அங்கே சேர்ந்துதான் ஓர் உருவத்துக்கு உயிர் கொடுக்கின்றன. மோட்டர் ஒன்றுதான் இல்லை.

உடுப்பைப் பற்றிச் சொல்வதென்றால் வடமோடிக் கூத்தில் அரசர்கள் அணியும் கரப்பு உடுப்பைப் பாருங்கள். கோழி மூடும் கரப்பைப்போல இடுப்பிலிருந்து விரிந்து, உள்ளே வளையம் கட்டி நிற்கும். ஆடுபவர் சுழன்றால் உடுப்பு ஒரு நொடி பிந்திச் சுழலும். அந்தப் பிந்தலிலேதான் அரசனின் பாரம் தெரியும். உடுப்பே ஆட்டத்தின் ஒரு பகுதி என்று இங்கே எவருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

சிங்கள அயலவர்களிடமும் இது இருக்கிறது. வெசாக் தோரணங்களில் ஓடும் விளக்குகளை வெகுகாலம் ஆட்டிவைத்தது, செப்புத் தகடு பதித்துச் சுழலும் ஒரு மர உருளை. நாங்கள் இன்று கணினிச் சில்லில் எழுதுவதை அந்த உருளையில் ஆணியும் தகடுமாக எழுதியிருந்தார்கள். இலங்கையின் மரபான நூற்பாவைக் கூத்தை யுனெஸ்கோ 2018இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. எங்களுக்குப் பக்கத்திலேயே இவ்வளவும் இருக்கிறது.

சமகால நடனம் எண்டுறது பரதநாட்டியத்தை விட்டுட்டு ஆடுறதா?

இல்லை. பரதம் பழகிய உடலைத் தூக்கிப் போட்டுவிட்டு வரமுடியாது, வரவும் தேவையில்லை. சமகால நடனத்தில் அசைவுகளின் பட்டியல் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்காது. இந்த ஆட்டத்துக்கு என்ன அசைவு வேண்டுமோ அதை ஒத்திகையில் தேடி எடுக்கிறோம். விழுவது, நிலத்தில் உருள்வது, சும்மா நடப்பது எல்லாமே அசைவாகலாம். எங்கள் பிள்ளைகளில் ஒருத்திக்கு அரைமண்டி, முழங்காலை மடித்துத் தாழ்ந்து நிற்கும் அந்த நிலை, அவ்வளவு உறுதி. மானின் உயரத்துக்கு இறங்கி நெடுநேரம் நிற்க அதுதான் கைகொடுத்தது.

நாலு பேரும் நாலு துறை. யாருடைய சொல்லைக் கேட்கிறது?

கூத்தில் இது தெளிவு. அண்ணாவியார் சொன்னால் சொன்னதுதான். அவருக்கு ஏடும் தெரியும், தாளக்கட்டும் தெரியும், உடுப்பும் தெரியும். எங்கள் வேலையில் அப்படி எல்லாம் தெரிந்த ஒருவர் இல்லை. அதனால் நாங்கள் கட்டம் கட்டமாகப் பிரித்தோம். தேடும் கட்டத்தில் எல்லோரும் சமம், யாரும் எதையும் கேட்கலாம். கோர்க்கும் கட்டத்தில் நடனம் அமைப்பவரின் சொல் முடிவானது. மேடையேறும் வாரத்தில் பாதுகாப்பு சம்பந்தமான எதிலும் மோட்டர் தம்பியின் சொல்தான் கடைசி. அவர் “ரீச்சர், இண்டைக்கு மான் வேண்டாம்” என்றால் அன்று மான் கிடையாது, நான் வாதாடமாட்டேன்.

இதை முதல் வாரமே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையொப்பம் வையுங்கள். நண்பர்கள்தானே என்று விட்டால், மேடைக்கு மூன்று நாள் இருக்கும்போது நட்பும் போகும், ஆட்டமும் போகும்.

முதல் எதைச் செய்யவேணும்? பாட்டா, ஆட்டமா, உடுப்பா, பொம்மையா?

எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே அறையில் தொடங்குங்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரு விடயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக என்ன நடக்கிறது? பாட்டுப் பதிவாகிவிடும், பாட்டுக்கு ஆட்டம் கட்டிவிடுவார்கள், ஆட்டம் முடிந்தபின் உடுப்புக்கு அளவெடுப்பார்கள், கடைசி வாரம் பொம்மை வந்து சேரும். அப்போது பொம்மை மேடையில் வைத்த அலங்காரமாகத்தான் நிற்கும். அதற்கு இடம்விட்டு எவரும் ஆடியிருக்கமாட்டார்கள்.

எங்கள் மான் முதல் நாள் ஒத்திகைக்கு வந்தபோது அது இரண்டு விளக்குமாற்றுத் தடியும் ஒரு பழைய தண்ணீர்ப் போத்தலும்தான். போத்தல்தான் தலை. தம்பி அதைக் கையில் பிடித்து ஆட்டினார், பிள்ளைகள் அதனோடு ஆடினார்கள், அண்ணாவியார் மெதுவாகத் தட்டினார், அக்கா தோளில் ஒரு துணியைப் போட்டுப் பார்த்தார். தலை எந்த உயரத்தில் இருக்கவேண்டும், எவ்வளவு வேகமாகத் திரும்பவேண்டும் என்பதெல்லாம் அந்த இரண்டு மணித்தியாலத்திலேயே தெரிந்துவிட்டது. பிறகுதான் மோட்டர் வாங்கினோம்.

பிரிந்து செய்து வெற்றி கண்டவர்களும் உண்டு. அமெரிக்க நடனக் கலைஞர் மேர்ஸ் கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜோன் கேஜும் ஆட்டத்தையும் இசையையும் தனித்தனியே ஆக்கி மேடையிலேயே ஒன்றாக்கினார்கள். தற்செயலாக இரண்டும் சந்திப்பதுதான் அவர்கள் தேடியது. தசைக்குப் பக்கத்தில் பல்சக்கரம் சுழலும் மேடையில் தற்செயலை நம்பி இறங்க நான் துணியமாட்டேன்.

எந்த மோட்டர் வாங்கலாம்? சின்னது போதுமா?

பாரத்தையும் தூரத்தையும் பெருக்கிப் பாருங்கள். மானின் கழுத்தும் தலையும் 600 கிராம், அந்தப் பாரத்தின் நடு மூட்டிலிருந்து 25 சென்ரிமீற்றரில் இருக்கிறது என்று வையுங்கள். 0.6ஐ 25ஆல் பெருக்கினால் 15 கிலோ-சென்ரிமீற்றர். சேர்வோ என்பது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டர். ஒன்பது கிராம் நிறையுள்ள சின்ன நீலச் சேர்வோ கிட்டத்தட்ட 1.8 இழுக்கும். உலோகப் பல்சக்கரம் வைத்த சாதாரணப் பெரிய சேர்வோ ஏறத்தாழ 10 இழுக்கும். இரண்டுமே போதாது. போதாத மோட்டரில் பாரத்தை ஏற்றினால் அது நடுங்கும், சுடும், கடைசியில் எரியும்.

பெரிய மோட்டர் வாங்க ஓடவேண்டாம். மூட்டுக்கு மறுபுறம், 10 சென்ரிமீற்றரில், வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு ஒன்றரைக் கிலோ கட்டினோம். அந்தப் பக்கமும் 15. தராசு சமமானதும் கழுத்து காற்றில் மிதப்பதுபோல நின்றது. அதற்குப் பிறகு மோட்டருக்குப் பாரத்தைத் தாங்கும் வேலை இல்லை, தள்ளிவிடும் வேலைதான். மானின் மொத்தப் பாரம் கூடக்கூடாதென்றால் சைக்கிள் ரியூப்பை வெட்டி ஸ்பிரிங் மாதிரி இழுத்துக் கட்டலாம்.

உடம்பு ஏறி இறங்கும் பெரிய அசைவுக்குப் பழைய வாகனங்களின் 12 வோல்ட் வைப்பர் மோட்டர் நல்லது. மெதுவாகச் சுழலும், பலம் அதிகம், பழைய இரும்புக்கடையிலேயே கிடைக்கும். வாய், கண், காது போன்றவற்றுக்கு மோட்டரை அந்த இடத்திலேயே வைக்காமல் வயிற்றுக்குள் வைத்து, சைக்கிள் பிரேக் கேபிளாலோ தங்கூசியாலோ இழுங்கள். தலை இலேசாகிவிடும். ஒன்றை மறக்கவேண்டாம்: சேர்வோவுக்கான மின்சாரத்தை ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து எடுக்கக்கூடாது. பலகை சைகை மட்டும் கொடுக்கட்டும், மின்சாரம் தனிப் பற்றரியிலிருந்து வரட்டும், கறுப்பு (நெகற்றிவ்) வயர் இரண்டுக்கும் பொதுவாக இருக்கட்டும்.

மோட்டர் எப்பவும் தாளத்துக்குப் பிந்துது. புரோகிராம் பிழையா?

பெரும்பாலும் புரோகிராமில் பிழை இருக்காது. சாதாரண சேர்வோ 60 பாகை திரும்ப, பாரம் இல்லாமலேயே, 0.15 முதல் 0.2 செக்கன் எடுக்கும். 180 பாகைக்கு ஏறக்குறைய அரைச் செக்கன் ஆகிவிடும். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே உள்ளது அரைச் செக்கன்தான். ஆகவே அடி விழும்போது கட்டளை கொடுத்தால் அடுத்த அடிக்குத்தான் தலை வந்து சேரும். பார்க்கிறவருக்கு அது பிந்தலாகவே தெரியும்.

வழி இரண்டு. அசைவைக் குறையுங்கள்: 40 பாகை திரும்பினாலே மேடையில் நன்றாகத் தெரியும். அல்லது கட்டளையை முன்கூட்டிக் கொடுங்கள். ஆடுபவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். அடி விழும் நேரத்துக்குக் கால் நிலத்தில் இருக்கவேண்டுமென்றால் அதற்கு முன்பே தூக்கியிருக்கவேண்டும். எங்கள் தம்பிக்கு இதை விளங்கப்படுத்தியது அண்ணாவியார்தான். மத்தளத்தில் கையைத் தூக்கி, விழுவதற்குச் சற்று முன் நிறுத்தி, “தம்பி, நீங்க தட்டுறது இதில, கேக்கிறது அதில” என்றார். அன்றிலிருந்து அவர் புரோகிராமில் ‘கை தூக்கும் நேரம்’ என்று ஒரு எண் வைத்திருக்கிறார்.

இசை நேரில வாசிக்கிறதா, பதிவு போடுறதா?

பதிவு போட்டால் மோட்டர்க்காரருக்குச் சுகம். பாட்டின் எந்தச் செக்கனில் எந்த மோட்டர் என்று எழுதிவிடலாம், ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி ஓடும். ஆடுபவர் விழுந்தாலும் பாட்டு நிற்காது, மானும் நிற்காது. எனக்கு மனது ஒப்பாதது அதுதான்.

நாங்கள் நேரில் வாசிக்கிறோம். மத்தளம் ஆட்டத்தைப் பார்த்து வேகம் கூடும், குறையும். அதற்கு ஏற்ப மானை ஆட்ட ஒருவர் வேண்டும், அதனால் தம்பி அண்ணாவியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிறு கைப்பிடியால் இயக்குகிறார். காது துடிப்பது, மூச்சு விடுவது போன்ற சின்ன அசைவுகள் மட்டும் தானாக ஓடும். மோட்டர் இயக்குபவர் இசைக்குழுவில் ஒருவர் என்று நினைத்தால் பல சிக்கல்கள் தீரும். அவரும் தாளம் பழகவேண்டும். எங்கள் தம்பி ஆறு மாதம் சல்லாரி என்ற கைத்தாளம் போட்டுப் பழகினார்.

மோட்டர் இரையுற சத்தம் பாட்டைக் கெடுக்காதா?

கெடுக்கும், முக்கியமாக அமைதியான இடங்களில். மோட்டருக்கும் சட்டத்துக்கும் இடையில் பழைய செருப்பு ரப்பர் வையுங்கள், பாதி குறையும். வெறும் ரிஜிபோம் உடம்பு சத்தத்தைப் பெருக்கிவிடும், துணி சுற்றுங்கள். மீதியை இசைக்காரரிடம் கொடுத்துவிடலாம். எங்கள் கீபோர்ட் வாசிக்கும் பிள்ளை வைப்பர் மோட்டரின் இரைச்சலுக்குச் சுருதி பிடித்து, அதே சுரத்திலேயே அந்தக் காட்சியைத் தொடங்கினாள். யாரும் அதை மோட்டர் சத்தம் என்று சொல்லவில்லை.

ஆடுறவரின்ட உடம்பிலயே மோட்டரைக் கட்டலாமா? ஃபேஷன் ஷோவில பார்த்தன்.

நீங்கள் பார்த்தது எதுவோ தெரியாது, ஆனால் இரண்டு பேர்பெற்ற நிகழ்வுகளைச் சொல்கிறேன். 1998இல் லண்டனில் அலெக்ஸாண்டர் மெக்குயின் நடத்திய காட்சியின் முடிவில், சுழலும் பலகையில் நின்ற ஒரு பெண்ணின் வெள்ளைச் சட்டையில் தொழிற்சாலை ரோபோக் கைகள் இரண்டு வர்ணம் விசிறின. 2006இல் பாரிஸில் ஹுசைன் சலாயன் காட்டிய சட்டைகள் உள்ளே மறைத்த பொறிகளால் தானாக நீண்டன, சுருங்கின, திறந்தன. ஒன்றில் பொறி வெளியே, மற்றதில் உடம்போடு. இரண்டிலும் அணிந்தவர்கள் ஏறக்குறைய நின்றபடிதான் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆடுபவர் நிற்கமாட்டார்.

கட்டலாம், பாரத்தை இடுப்பில் இறக்கினால். தோளில் தொங்கவிட்டால் கழுத்துப் பிடித்துவிடும். கரப்பு உடுப்பும் இடுப்பில் கட்டுவதுதான், மேலே சொன்ன அந்த மரபு இங்கே பாடமாக உதவுகிறது. இரண்டு கிலோவுக்கு மேல் நாங்கள் போவதில்லை. ஒரே இழுப்பில் கழன்று விழும் கொளுவி இருக்கவேண்டும். பற்றரி தோலில் படக்கூடாது. யூலை மாதத்தில் எங்கள் ஊரில் பகல் வெப்பம் 35 பாகைக்குப் போகும். அந்த நேரத்தில் றெக்சினும் ஸ்பொஞ்சும் சுற்றி ஆடச் சொன்னால் பிள்ளை மயங்கி விழும். ஆட்டம் இருபது நிமிடமென்றால் இடையில் இரண்டு நிமிடம் அவர் நிற்கும் காட்சி ஒன்று வையுங்கள்.

தையல் அக்காவுக்கும் மோட்டர் தம்பிக்கும் ஒரே சண்டை. என்ன செய்யலாம்?

அவர்கள் இருவரும் ஒரே இடத்தைக் கேட்கிறார்கள், அதுதான் சண்டை. துணி வழுவழுவென்று விழவேண்டும் என்பது அக்காவின் ஆசை. பொறியைத் திறந்து பார்க்க வழி வேண்டும் என்பது தம்பியின் கவலை. எங்களிடம் ஒரு நாள் ஆடிய பிள்ளையின் தாவணி முனை மானின் கழுத்துப் பல்சக்கரத்தில் சிக்கிவிட்டது. அவள் சட்டென்று குனிந்தாள், தம்பி நிறுத்திவிட்டார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரண்டு செக்கனை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்று அக்காவே ஒரு வழி சொன்னார். சுழலும் எதற்கும் துணி உறை, உறைக்கு முதுகுப்பக்கம் வெல்க்ரோ. தொங்கும் எந்தத் துணியும் இழுத்தால் கிழியாமல் கழன்று வரும் ஊக்குப் பொத்தானோடு. மானின் தோலுக்கு மருதமுனைக் கைத்தறித் துணி எடுத்தோம். நீட்சித் துணியைவிடப் பாரம் என்று தம்பி மறுத்தார். ஆனால் கழுத்து மடியும்போது அதில் விழுந்த சுருக்கம் உண்மையான தோலைப்போல இருந்ததைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டார்.

கடற்கரையில வெளியில போடலாமா?

போடலாம், மாதம் பார்த்து. ஐப்பசி தொடங்கித் தை வரை வாடை மழை, அதிலும் நவம்பர், டிசம்பரில் சொல்லவே வேண்டாம். ஆண்டின் நடுவில் மழை இல்லை, ஆனால் கச்சான் காற்று துணியையும் ஒலிவாங்கியையும் ஒருவழி பண்ணிவிடும். பங்குனி, சித்திரை எங்களுக்கு நல்ல காலம்.

உப்புதான் பெரிய எதிரி. உப்புவெளிப் பக்கம் இரண்டு இரவு வைத்த சாதாரண ஆணிகள் துருப்பிடித்தன. துருப்பிடிக்காத எஃகு ஆணி வாங்குங்கள், வயர் இணைப்புகளுக்குக் கிறீஸ் பூசுங்கள், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மணல் பல்சக்கரத்துக்குள் போனால் அரைத்துவிடும், கீழே பாய் விரித்தே வேலை செய்யுங்கள்.

நடுவில கரண்ட் போனா?

சுவர் மின்சாரம் 230 வோல்ட். அதை ஆடுபவர்களுக்கு அருகில் கொண்டுவரவே வேண்டாம். மான் முழுவதும் பற்றரியில் ஓடட்டும். லித்தியம் பற்றரியைப் பொத்தலாகாத பெட்டியில் வையுங்கள், ஆள் இல்லாமல் சார்ஜ் போடவேண்டாம், வயரில் ஃபியூஸ் கட்டாயம். எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் நிறுத்தும் சிவப்புப் பொத்தான் ஒன்று இயக்குபவரின் கைக்கு எட்டவேண்டும்.

பற்றரியும் செத்தால்? எங்கள் மானின் ஒவ்வொரு மோட்டருக்கும் பக்கத்தில் ஒரு கைநூல் இருக்கிறது. கறுப்புடை போட்ட ஒருவர் வந்து நூலைப் பிடிப்பார். மரப்பாவைக்காரர் செய்ததைச் செய்வதில் வெட்கமில்லை.

யாரிட்ட அனுமதி எடுக்கவேணும்?

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி. மண்டபமோ விளையாட்டு மைதானமோ என்றால் அதன் பொறுப்பாளரிடம். மேடை நாடகமாகப் பிரதியோடு போடுவதென்றால் பிரதியைத் தணிக்கைச் சபைக்கு முன்கூட்டியே அனுப்பவேண்டும். கோட்டைக்குள் ஆட விரும்பினால் அது இராணுவம் இருக்கும் இடமும் பழைமைச் சின்னமும் என்பதால் பல கதவு தட்டவேண்டும். எல்லாம் எழுத்தில், ஆறு வாரம் முன்பே.

சூரன்ர தலையை மேடையில கொண்டுவந்தா கோயில்காரர் கோபிக்கமாட்டினமா?

கோயிலில் பூசைக்கு உள்ள உருவத்தை எடுக்கவோ அதே மாதிரி அச்சாகச் செய்யவோ கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தலை மாறும் அந்த உத்தியைக் கற்றுக்கொள்ளலாம். நாங்கள் ஒரு கோயிலில் சூரன் தூக்கும் பெரியவரிடம் போய்க் கேட்டோம். தலையைப் பொருத்தும் முளை எப்படி இருக்கும், இருட்டில் எப்படித் தடவிப் பிடிப்பது என்று அன்போடு சொல்லித்தந்தார். அவருக்கு முன்வரிசையில் இடம் வைத்தோம்.

கோணேசர் மலையும் இராவணன் வெட்டும் உள்ள ஊரில் கதைகளுக்குக் குறைவில்லை. அதே ஊரில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் பார்க்க வருகிறார்கள். ஒருவருக்குப் புனிதமானது மற்றவருக்கு வெறும் வேடிக்கையாகிவிடக்கூடாது. முழு ஒத்திகையொன்றை மூன்று தரப்புப் பெரியவர்களுக்கும் காட்டி, அவர்கள் முகம் சுளித்த இடத்தைப் பேசித் திருத்தினோம். அது வேலையை நல்லதாக்கியது.

செய்து முடிச்சாப் பிறகு அது யாருடையது?

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடன அமைப்பையும் இசையையும் காக்கிறது. ஆக்கியவரின் ஆயுளும் அதற்குப் பின் 70 வருடமும். சேர்ந்து செய்த வேலையில் யாருடைய பங்கு எது என்று எழுதாவிட்டால் பிறகு தலையிடி. தலைமை பற்றி எழுதச் சொன்ன அதே தாளிலேயே இதையும் எழுதுங்கள்: குழு பிரிந்தால் மான் யாரிடம், பாட்டு யாரிடம், அந்த அசைவுகளை வேறிடத்தில் ஆடலாமா என்று.

கூத்துப் பாட்டுகள் பழையவை, தனி உரிமையாளர் இல்லை. ஆனாலும் யார் சொல்லித்தந்தாரோ அந்த அண்ணாவியாரின் பெயரை அறிவிப்பில் முதலில் சொல்கிறோம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தை நவீன மேடைக்கு ஏற்றியதும் கிராமத்து அண்ணாவிமாரின் அறிவை வைத்துத்தான். காசு வந்தால் தையலுக்கும் வயரிங்குக்கும் ஆட்டத்துக்கு நிகரான பங்கு கொடுங்கள். அவை ‘உதவி’ அல்ல.

எல்லாரும் மானைத்தான் பார்க்கினம், எங்களைப் பார்க்கிறதில்லை. நாங்கள் ஏன் ஆடவேணும்?

இதைக் கேட்டது எங்கள் சொந்தப் பிள்ளை, அழுதுகொண்டே கேட்டாள். அவள் சொன்னது உண்மை. அசையும் பொறி மேடைக்கு வந்தால் கண் அங்கேதான் போகும். 1917இல் பாரிஸில் ஒரு நடனத்துக்காக ஓவியர் பிக்காசோ செய்த ஏறத்தாழ மூன்று மீற்றர் உயர அட்டை உடுப்புகளைப் போட்டு ஆடியவர்களுக்கும் இதே நிலைதான் வந்திருக்கும்.

நாங்கள் மானைக் குறைத்தோம். தொடக்கத்தில் அது நடக்கவேண்டும் என்று மூன்று மாதம் கால்களோடு மல்லுக்கட்டினோம். நடந்தது, ஆனால் பொம்மை நடப்பதாகவே இருந்தது. ஒரு பின்னேரம் தம்பி கால்களைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த ஒன்பது கிராம் சேர்வோவை இடது காதுக்கு மட்டும் கொடுத்தார். நெஞ்சுக்குள் நாலு செக்கனுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மூச்சு. வேறொன்றுமில்லை. அந்தப் பிள்ளை தூரத்தில் தரையில் இருந்தாள். மத்தளம் நின்றிருந்தது. அவள் தலையைத் திருப்பி மானைப் பார்த்தாள், காது அவள் பக்கம் மெல்லத் திரும்பியது.

தையல் அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டார். இருவரில் யார் யாரைப் பார்க்கிறார் என்று சொல்லமுடியவில்லை. அவள் பார்க்காமல் இருந்திருந்தால் அந்தக் காது வெறும் பிளாஸ்ரிக்காகத்தான் அசைந்திருக்கும். அடுத்த முறை அவள் பார்க்கும் திசையை மாற்றிப் பார்த்தோம். அறையில் இருந்த எல்லோருடைய கண்ணும் அவள் கண் போன இடத்துக்கே போனது.

இப்போது ஆட்டம் அந்தக் காட்சியில்தான் தொடங்குகிறது. கால்கள் இன்னும் என் வீட்டு விறாந்தையில் ஒரு பெட்டிக்குள் இருக்கின்றன. யாருக்காவது தேவைப்பட்டால் வந்து எடுத்துப்போகலாம்.